மங்கம்மா அழுத பாட்டு

எங்கள் ஊர்ப் பக்கத்தில் யார் செத்தாலும் மங்கம்மாவுக்கு ஆள் போகும். காசுக்கு அழுகிறவள் இல்லை அவள். நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்ச் சாப்பிடுகிறவள். உறவிலோ தெருவிலோ சாவு விழுந்தால் போட்டது போட்டபடி கிளம்பிவிடுவாள். தலைமாட்டில் உட்கார்ந்து, பக்கத்திலிருப்பவளின் தோளைக் கட்டிக்கொண்டு அவள் முதல் அடியை எடுத்தால், வாசலில் பீடி குடித்துக்கொண்டிருக்கும் ஆம்பிளைகள்கூடக் கொஞ்சம் தள்ளிப் போய் நிற்பார்கள். செத்தவரைப் பிடிக்காதவர்களுக்கும் அழுகை வந்துவிடும். என் கடையைக் காலி பண்ணச் சொல்லி வருஷம் தவறாமல் மிரட்டிய மனுஷன் செத்தபோது எனக்கே வந்தது. வெட்கமாக இருந்தது.

நான் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவள். பட்டா, சிட்டா எடுத்துக் கொடுப்பேன், ஆதாரில் முகவரி மாற்றிக் கொடுப்பேன், ஆன்லைனில் யார் எதை எழுதிப் போட வேண்டுமென்றாலும் போட்டுக் கொடுப்பேன். மங்கம்மாவும் நானும் ஒரே தெரு. அவளுக்குப் புருஷன் சின்ன வயசிலேயே போய்விட்டான். பிள்ளை இல்லை. இருந்த ஒரே சொந்தம் தென்னேரியில் வாழ்க்கைப்பட்ட அக்கா முனியம்மாளும் அக்காவின் மகன் தமிழரசனும்தான்.

தமிழரசன் நெல் வியாபாரம் பார்க்கிறவன். கெட்டவன் இல்லை. பொங்கலுக்கும் ஆடிக்கும் பைக்கில் வந்து சின்னம்மாவுக்குப் புடவையும் ஒரு பை அரிசியும் வைத்துவிட்டுப் போவான். அவன் வந்துபோன மறுநாள் மங்கம்மா தெருக்குழாயில் வேண்டுமென்றே நேரமெடுத்துத் தண்ணீர் பிடிப்பாள், நாலு பேர் கேட்க வேண்டுமென்று. "எனுக்குக் கொள்ளி வெக்க ஆளு கீறான்" என்பாள். பிள்ளை இல்லாதவளுக்கு அதைவிடப் பெரிய சொத்து என்ன இருக்கிறது.

போன வருஷம் கத்தரி வெயிலில் முனியம்மாள் செத்துப்போனாள். மங்கம்மா அக்காவுக்காக அழுதாள். இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும், தெரியாதவர்களுக்காக. எங்கள் பக்கத்து ஒப்பாரியில் யாரையும் எதையும் கேட்கலாம். பிறந்த வீட்டுப் பெண்கள் செத்தவளின் மகனை, மருமகளைக் கிழித்துத் தொங்கவிடுவார்கள். உடைந்த தட்டில் கூழ் ஊற்றினீர்கள், வெறுந்தரையில் படுக்கவைத்தீர்கள், கந்தல் புடவையோடு அனுப்புகிறீர்கள் என்பார்கள். வெள்ளித் தட்டில் சோறு போட்டிருந்தாலும் உடைந்த தட்டுதான். இந்த அடிகளையெல்லாம் எல்லாச் சாவிலும் எல்லாப் பெண்களும் பாடுகிறார்கள், அவரவர் அம்மாவிடம் கேட்டதை. மகன்காரன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொள்வான். பிணம் எடுத்ததும் குளித்துவிட்டு வருவார்கள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது. திட்டித் தீர்த்தவளே கருமாதிக்கு வந்து அதே வீட்டில் இலைபோட்டுச் சாப்பிடுவாள், மருமகள்காரி பக்கத்தில் நின்று பரிமாறுவாள். உண்மையும் வழக்கமும் ஒன்றாகக் கலந்து வெந்துவிடும், எது எது என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் புத்திசாலிகள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

அன்று மங்கம்மா வழக்கமான அடிகளையெல்லாம் பாடினாள். நடுவில் ஒன்று இப்படி வந்தது:

"ஏசிக் கதவு சாத்திருக்க, தமிழரசா,
எங்கக்கா தாகமுன்னு கத்தினது கேக்கலியா?"

கூட்டத்தில் யாரும் அதைத் தனியாகக் கவனிக்கவில்லை. உடைந்த தட்டு, வெறுந்தரை, அப்புறம் ஏசி. காலத்துக்கு ஏற்றபடி பாடுகிறாள் என்று இருந்துவிட்டார்கள். தமிழரசனும் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டான். கருமாதியில் மங்கம்மா அவன் வீட்டில் சாப்பிட்டாள். அவன் மனைவி கீதா இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றினாள். அதோடு எல்லாம் முடிந்திருக்க வேண்டும்.

முடியாமல் போனதற்குக் காரணம் ரேடியோ செட் பீட்டர். வாலாஜாபாத்தில் மைக், ஸ்பீக்கர் வாடகைக்கு விடும் கடை. சாவுக்கு செட் கட்டினால் ஒரு மைக்கைப் பெண்கள் நடுவில் வைத்துவிடுவார், அழுவது தெருமுனை வரை கேட்கட்டும் என்று. அன்று மங்கம்மாவின் குரல் அவருக்குப் பிடித்துப்போனது. மெஷினிலிருந்து அப்படியே போனில் பதிவு செய்துகொண்டார். இந்த ரேடியோ செட்காரர்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. காதுகுத்துக்கு, மஞ்சள் நீராட்டுக்கு, கூழ் வார்த்தலுக்கு, சாவுக்கு என்று யாருக்கு நல்ல பாட்டு கிடைத்தாலும் தங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட வேண்டும். போடாமல் வைத்துக்கொள்பவன் கஞ்சன் என்று பேர் வாங்குவான். யாருடைய பாட்டு, யாரைக் கேட்டுப் போட வேண்டும் என்ற பேச்சே அங்கே கிடையாது. பீட்டர் போட்டார். தாராள மனசு.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொன்னால் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். ஓரிக்கையில் ஒருத்தர் செத்தால் மங்கம்மா குரல். திருப்புட்குழியில் ஒரு சாவு, செத்தவருக்கு மூன்றும் பெண்கள். அங்கேயும் ஸ்பீக்கரில் "தமிழரசா, தமிழரசா" என்று கூப்பிட்டு நியாயம் கேட்கிறது. யாரோ ஒரு சேனல்காரன் அதை எடுத்து, குத்துவிளக்குப் படமும் ரோஜாப்பூவும் போட்டு, கல்லையும் கரைக்கும் அம்மா ஒப்பாரி என்று ஏற்றிவிட்டான். லட்சக்கணக்கில் பார்த்தார்கள். பார்த்ததோடு விட்டார்களா? கீழே எழுதினார்கள். மலேசியாவிலிருந்து ஒருவர், இந்தத் தமிழரசன் புழுத்துச் சாவான் என்று சாபம் விட்டிருந்தார். உடைந்த தட்டை நிஜத் தட்டு என்றே நம்பியவர் அவர். அவரைச் சொல்லி என்ன பயன், அவர் அந்தச் சாவுக்கு வந்தவர் இல்லை.

நெல் மண்டியில் தமிழரசனைப் பார்த்து, உங்க பாட்டு கேட்டேங்க என்று சிரித்தார்கள். கீதாவின் அண்ணன் வீட்டு விசேஷத்தில் யாரோ ஜாடையாகப் பேசினார்கள். அவன் தன் பங்குக்கு எல்லோரிடமும் விளக்கம் சொல்லிக்கொண்டு திரிந்தான். அது வழக்கமாகப் பாடுவது, எங்கம்மாவுக்கு நான் எந்தக் குறையும் வைக்கவில்லை, செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு நானே தூக்கிக்கொண்டு ஓடினேன் என்று. விளக்கம் சொல்லச் சொல்லச் சந்தேகம்தானே வளரும். கடைசியில் கோபம் சின்னம்மா மேல் திரும்பியது. ஆடிக்கு வரவில்லை. பொங்கலுக்கும் வரவில்லை. போன் போட்டால் எடுக்கவில்லை.

பொங்கல் போன கையோடு மங்கம்மா என் கடைக்கு வந்தாள். புதுப் புடவை இல்லாமல் ஒரு பொங்கலைக் கழித்த முகம். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அப்புறம்தான் சொன்னாள்: "அந்தப் பாட்ட அழிச்சுடு கண்ணு. அவன் வரலன்னா எனுக்கு யாரு கீறாங்க?"

அழிக்கிறதென்ன, அது என் கடைப் பலகையில் எழுதியதா? முதலில் பீட்டரைக் கூப்பிட்டேன். நல்ல மனுஷன், உண்மையிலேயே வருத்தப்பட்டார். ஆனால் தான் யாருக்கும் விற்கவில்லை, குரூப்பில் ஒரே ஒரு தடவை போட்டேன், அவ்வளவுதான் என்றார். குரூப்பில் எடுத்தவர்கள், நாங்கள் வந்ததை அனுப்பினோம் என்றார்கள். சேனல்காரனைப் பிடிக்கவே பெரும் பேஜாராகிவிட்டது. பிடித்தபோது, வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் சுற்றுவதைத்தான் போட்டேன், நான் போடாவிட்டால் வேறொருவன் போடுவான் என்றான். அந்த வீடியோ தளமோ, ஏற்றுகிறவர்கள்தான் பொறுப்பு, நாங்கள் இடம்தான் கொடுக்கிறோம் என்று பணிவாக ஒரு பதில் அனுப்பியது. ஒவ்வொருவரும் செய்தது ஒரு விரல் அழுத்தம். எல்லா விரலும் சேர்ந்து ஒரு குடும்பத்தின் கழுத்தைப் பிடித்துவிட்டது, ஆனால் தனியாகப் பார்த்தால் ஒரு விரலிலும் குற்றம் இல்லை. இந்த நியாயம் எனக்குச் செரிக்கவே இல்லை. அன்று சாயங்காலம் எனக்கு வந்த நாலு பார்வர்டு மெசேஜைப் படிக்காமலே அழித்தேன். அதனால் ஒன்றும் ஆகிவிடவில்லை என்பது எனக்கும் தெரியும்.

மனசு புண்படுகிறது என்று தளத்துக்குப் புகார் எழுதினேன். பேர் மட்டும் இருந்தால் அது எந்தத் தமிழரசனோ, எடுக்க முடியாது என்று வந்தது. அப்போதுதான் தெரிந்தது, அந்த இடத்தில் மனசுக்குக் கதவு கிடையாது, சொத்துக்குத்தான் உண்டு என்று. இது என் குரல், என்னைக் கேட்காமல் போட்டிருக்கிறார்கள் என்று மங்கம்மா பெயரில் எழுதிப்போட்டோம். நம்ப மாட்டீர்கள், ஒரு வாரத்துக்குள் எடுத்துவிட்டார்கள். மங்கம்மா எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து கொடுத்தாள். தமிழரசனுக்கு நான் போன் போட்டுச் சொன்னேன். சரிங்க என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தான்.

அந்தப் பழம் கறுக்கும் முன்னே அதே சேனலில் பாட்டு திரும்ப வந்துவிட்டது. இந்தத் தடவை மங்கம்மா குரல் இல்லை. யாரோ ஒரு பெண்ணை ஸ்டுடியோவில் பாடவைத்து, கீபோர்டு வாசித்து, நடுவில் இடிச் சத்தமெல்லாம் சேர்த்திருந்தான். அடிகள் அப்படியே அதே அடிகள். "தமிழரசா" மட்டும் இன்னும் உருக்கமாக இழுக்கப்பட்டிருந்தது, ஜனங்களுக்கு அந்தப் பேர்தான் பிடித்திருக்கிறதாம். மறுபடி எழுதினோம். அவன் பதில் போட்டான்: குரல் எங்களுடையது, ஒப்பாரி நாட்டுப்புறப் பாட்டு, அதை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. தளத்திலிருந்து மங்கம்மாவிடம் கேள்வி வந்தது. இந்தப் பாட்டில் நீங்களே இட்டுக்கட்டிய வரிகள் எவை, குறிப்பிட்டுச் சொல்லுங்கள்.

இதை மட்டும் நான் போனில் சொல்ல விரும்பவில்லை. தமிழரசனையே வரச் சொன்னேன். வந்தான். மங்கம்மா ஏற்கெனவே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அவன் அவளைப் பார்க்காமல் லேமினேஷன் மெஷினைப் பார்த்துக்கொண்டு நின்றான். இந்தச் சில மாசத்தில் ஆள் இளைத்திருந்தான். அவளுக்கு அவனைத் தொட்டுப் பார்க்க வேண்டும்போல் இருந்தது, கை எழுந்து மறுபடி மடியில் உட்கார்ந்துகொண்டது. நான் விஷயத்தை விளக்கினேன். மங்கம்மா சொந்தமாகக் கட்டிய வரி ஒன்றாவது இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு முழுப் பாட்டையும் இறக்கிவிடலாம், ஒன்றும் இல்லை என்றால் சேனல்காரன் சொல்வதுதான் நிற்கும் என்றேன்.

பாட்டை வரி வரியாகத் தட்டச்சு செய்து வைத்திருந்தேன். படித்தேன். உடைந்த தட்டு? அது எங்கம்மா பாடினது என்றாள். வெறுந்தரை? அது எல்லாரும் பாடுறது. கந்தல் புடவை? அதுவும். ஒவ்வொன்றுக்கும் தமிழரசன் தலையை ஆட்டிக்கொண்டே வந்தான், தான் இத்தனை நாள் ஊருக்குச் சொன்னது சரிதான் என்பதுபோல். அவன் முகத்தில் கொஞ்சம் தெளிவுகூட வந்தது. பிறகு ஏசிக் கதவுக்கு வந்தேன்.

மங்கம்மா என் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். வெளியே பார்த்தாள். "அத்த வுட்டுடு" என்றாள். எதுவுமே தன்னுடையது இல்லை, எல்லாம் ஊர்ப் பாட்டுதான், அப்படியே எழுதிவிடு என்றாள்.

எனக்குப் புரியவில்லை. இவ்வளவு தூரம் அலைந்துவிட்டு இப்படிக் கையை விரிக்கிறாளே என்று கோபம்தான் வந்தது. தமிழரசனுக்கு என்னைவிடக் கோபம். இத்தனை மாசமாகப் பேசாதவன் முதல் தடவையாக அவளைப் பார்த்துப் பேசினான். தன் பேர் சந்தி சிரிக்கிறது, அதைக் காப்பாற்ற ஒரு வரி போதும் என்கிறார்கள், அதைக்கூடச் சொல்ல மனசில்லையா என்று கேட்டான். ஏசி வைத்து எந்த ஊரில் ஒப்பாரி இருக்கிறது, அது நீ கட்டினதுதானே என்றான்.

"கட்னதில்ல நைனா" என்றாள்.

"பின்ன யாருது?"

அவன் விடவில்லை. யாரிடம் கேட்டாய், எந்த ஊரில் கேட்டாய் என்று மடக்கினான். எனக்கு அப்போதுதான் உறைத்தது. வேண்டாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று நான் எழுந்தேன். அதற்குள் மங்கம்மா வாய் திறந்துவிட்டாள்.

"எங்கேயும் கேக்கல. நான் பாத்தேன். அன்னிக்கு மத்தியானம் பஸ்ஸ வுட்டு எறங்கி பின்பக்கமா வந்தேன். அக்கா பின்னால ரூம்ல தண்ணி, தண்ணின்னு கத்திக்கினு இருந்துச்சி. நீங்க ஏசி போட்டு கதவ சாத்திக்கினு இருந்தீங்க. டிவி சத்தம் கேட்டுது. நான்தான் தண்ணி குட்தேன்."

முனியம்மாள் செத்தது அன்று சாயங்காலம்.

பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் யாரோ காஞ்சிபுரம், காஞ்சிபுரம் என்று கூவிக்கொண்டிருந்தார். ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒருவரை அப்புறம் வாருங்கள் என்று அனுப்பினேன். தமிழரசன் கவுண்டர் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றான். இத்தனை மாசமாக அந்த வரியையும் உடைந்த தட்டோடு சேர்த்து வழக்கம் என்று நினைத்திருக்கிறான். எல்லோருக்கும் அப்படியே சொல்லியிருக்கிறான். மங்கம்மாவும் அவன் அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்றுதான் இருந்திருக்கிறாள். அழும்போது தாங்காமல் ஒரு தடவை சொல்லிவிட்டாள், சொன்னது மற்ற அடிகளோடு கலந்து போய்விட்டது என்று நிம்மதியாகக் கருமாதிச் சோறும் சாப்பிட்டிருக்கிறாள். இப்போது ஒரு மெஷின் அதைத் தனியாகப் பொறுக்கி எடுத்து, இது யாருடையது என்று அவனை வைத்துக்கொண்டே கேட்கிறது. உண்மையைச் சொன்னால் பாட்டு போகும், பிள்ளையும் போவான். அவளுக்கு இருந்த பயம் அதுதான். கேள்வியை வாசித்தவள் நான். எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது.

"அம்மா குட்சிதா?" என்று கேட்டான்.

"சொம்பு நெறைய குட்சிது. குட்சிட்டு, அவன் அசந்து தூங்குறான், எழுப்பாதன்னுச்சி."

அவன் உட்கார்ந்துவிட்டான், படியில், செருப்புகளுக்கு நடுவில். அழுதான். ஆம்பிளை அழுகை பார்க்கச் சகிக்காது. தாயின் பிணத்தின் முன்னால்கூட அவன் இப்படி அழுததை நான் பார்க்கவில்லை. மங்கம்மா ஸ்டூலை விட்டு இறங்கவில்லை. இறங்கலாமா கூடாதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

கொஞ்சம் அடங்கியதும் நான் மெதுவாகக் கேட்டேன், இந்த ஒரு வரியை மங்கம்மாவின் சொந்த வரி என்று குறிப்பிட்டு அனுப்பிவிடட்டுமா, பாட்டு போய்விடும் என்று. அவனுக்கு இதையாவது செய்து கொடுக்கலாம் என்று நினைத்தேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"வேணாங்க. பொய்ன்னுதான எடுக்கணும்னு நெனச்சேன்."

நான் சேனல்காரனை நினைத்தேன், பீட்டரை நினைத்தேன், போனைத் தொட்ட அத்தனை விரல்களையும் நினைத்தேன். நான் ஒருவரையும் மன்னிக்கவில்லை, இன்றைக்கும் மன்னிக்கவில்லை. அவர்கள் செய்தது தப்புதான், பாட்டு நிஜம் என்பதால் அது சரியாகிவிடாது. ஆனால் அதை அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தளத்துக்கு அனுப்ப எழுதி வைத்திருந்ததை அழித்தேன்.

தமிழரசன் வெளியே போய் பைக்கை எடுத்தான். கிளம்பிவிட்டான், இனி வரமாட்டான் என்று மங்கம்மா முடிவு பண்ணிவிட்டாள் போலிருக்கிறது, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவன் பைக்கைத் திருப்பிக் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான்.

"வூட்டுக்கு வா சின்னம்மா. அன்னிக்கு எங்கம்மா இன்னா இன்னா பேசிச்சின்னு முழுசா சொல்லு."

அவள் என்னிடம் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. ஒரு பக்கமாக ஏறி உட்கார்ந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள்.